சேலஞ்சர் விபத்துக்கு முந்தைய இரவு: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக மேற்பார்வையாளர் ஆகிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை வகுப்பு எடுப்பேன். பெரிய நிறுவனத்தில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே கோட்டை விடுகிறோம் என்று பேச நான் கையில் எடுப்பது ஒரே கதைதான்: அமெரிக்க விண்ணோடம் சேலஞ்சர். வகுப்பு முடிந்ததும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே பதில்களோடு எழுதி வைக்கிறேன்.

அன்று என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1986 ஜனவரி 28, காலை 11.38. ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கிளம்பிய சேலஞ்சர், 73-வது நொடியில் வானத்திலேயே சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. அவர் போகிறார் என்பதற்காகவே பல பள்ளிகளில் பிள்ளைகளை உட்காரவைத்து டிவியில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ரப்பர் வளையத்தால் இவ்வளவு பெரிய விபத்தா?

ஆமாம். விண்ணோடத்தின் இரண்டு பக்கமும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் இருக்கும். அவற்றை மார்ட்டன் தயோகால் என்ற நிறுவனம் யூட்டா மாநிலத்தில் துண்டு துண்டாகச் செய்து, ரயிலில் ஃபுளோரிடாவுக்கு அனுப்பும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சூடான வாயு வெளியே வராமல் தடுக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் இரண்டு. விட்டம் சுமார் 12 அடி, கனம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

ராக்கெட் பற்றிக்கொண்டதும் உள்ளே ஏறும் அழுத்தத்தில் அந்த இணைப்பு லேசாக விரியும். விரிந்த இடைவெளியை ரப்பர் வளையம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உப்பி அடைத்துவிட வேண்டும். குளிர்ந்த ரப்பருக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது. பிரஷர் குக்கர் கேஸ்கட் தளர்ந்துபோனால் சில வீடுகளில் அதைக் கொஞ்ச நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்துப் போடுவார்கள். வெளியே எடுத்ததும் கையால் வளைத்துப் பாருங்கள், விறைத்துக்கொண்டு நிற்கும். விட்ட உடனே பழைய வடிவத்துக்கு வராது. ஃபுளோரிடாவில் அன்று காலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ். முந்தைய இரவு அதைவிடக் குளிர். ஏவுதளம் முழுக்கப் பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஆபத்து முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். அதனால்தான் இந்தக் கதையை இத்தனை வருடமாக விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1985 ஜனவரியில் ஒரு விண்ணோடம் குளிர் நாளில் கிளம்பியது. அன்று வளையங்களின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 12 டிகிரி. ராக்கெட்டுகள் பாராசூட்டில் கடலில் இறங்கும், அவற்றை மீட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தபோது இரண்டு வளையங்களுக்கும் நடுவில் இருந்த கிரீஸ் கரிபடிந்து கிடந்தது. முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நேரில் பார்த்தவர் ரோஜர் பாய்ஜலி, மார்ட்டன் தயோகால் பொறியாளர். 1985 ஜூலை 31-ல் தன் மேலதிகாரிக்கு அவர் ஒரு குறிப்பு அனுப்பினார்: இதை உடனே கவனிக்காவிட்டால் மனித உயிர்கள் போகும் பேரழிவு நடக்கும் என்று. ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்கு ஆளும் இல்லை, பொருளும் சரியாகக் கிடைக்கவில்லை. அக்டோபரில் அதே நிறுவனத்தின் பாப் எபலிங் எழுதிய குறிப்பு 'உதவி!' என்ற ஒற்றைச் சொல்லோடுதான் தொடங்குகிறது.

நாசாவிலும் தெரியும். அந்த இணைப்பு போனால் விண்ணோடமே போய்விடும் என்று 1982-லிருந்தே அவர்களுடைய ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பயணமும் பத்திரமாகத் திரும்பி வந்தது. வளையம் கொஞ்சம் அரிக்கப்பட்டிருக்கிறதா, போன தடவையும் அப்படித்தான், ஒன்றும் ஆகவில்லையே. இப்படி ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டது. விலகலே வழக்கமாகிப்போவது என்ற பொருளில் சமூகவியலாளர் டயான் வான் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் இதற்கு ஓர் உதாரணம் கிடைக்கும்.

அந்த இரவுக் கூட்டத்தில் சரியாக என்ன நடந்தது?

ஜனவரி 27, ஃபுளோரிடா நேரப்படி இரவு 8.45 வாக்கில் தொலைபேசி வழியாகக் கூட்டம் தொடங்கியது. மூன்று இடங்கள்: யூட்டாவில் மார்ட்டன் தயோகால், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், ஃபுளோரிடாவில் ஏவுதளம். மொத்தம் முப்பது பேருக்கு மேல். குளிர் வரப்போகிறது என்ற செய்தி அன்று பகலில்தான் வந்தது. சில மணி நேரத்தில் கையால் எழுதிய அட்டவணைகளை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு, தயோகால் பொறியாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம். நிறுவனத்தின் பொறியியல் துணைத் தலைவர் பாப் லண்ட் வாயிலிருந்தே அது வந்தது.

நாசா தரப்பில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இந்தப் பரிந்துரையைக் கேட்டுத் திகைத்துப்போனேன் என்றார் ஜார்ஜ் ஹார்டி. கூடவே, ஒப்பந்ததாரர் வேண்டாம் என்றால் அதை மீறி ஏவ மாட்டேன் என்றும் சொன்னார். ராக்கெட் திட்டத்துக்குப் பொறுப்பான லாரி மல்லாய் கேட்ட கேள்வி வரலாற்றில் நின்றுவிட்டது: 'கடவுளே, தயோகால், நான் எப்போதுதான் ஏவ வேண்டும் என்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?'

தயோகால்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐந்து நிமிடம் கேட்டார்கள். லைனை மியூட்டில் போட்டார்கள். ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆனது.

அந்த அரை மணி நேரத்தைத்தான் வகுப்பில் நான் மெதுவாகச் சொல்வேன். மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், இனி இது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு என்கிறார். அர்னி தாம்சன் என்ற பொறியாளர் எழுந்து, மேலாளர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜைக்குப் போகிறார். ஒரு நோட்டுத் தாளில் அந்த இணைப்பை வரைந்து காட்டுகிறார். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்து பாய்ஜலி போகிறார். கரிபடிந்த வளையத்தின் படங்களை அவர்கள் முன்னால் வைத்து, இதைப் பாருங்கள், இதைப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். பதிலே இல்லை. அவரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மேசன் லண்டைப் பார்த்து, உங்கள் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். நான்கு மேலாளர்கள் மட்டும் வாக்களிக்கிறார்கள். பொறியாளர்களை யாரும் கேட்கவில்லை.

லைன் திரும்ப வந்தது. ஏவலாம் என்றது தயோகால். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா பக்கமிருந்து கேட்டார்கள். மூன்று ஊர்களிலும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஏன் யாரும் பேசவில்லை? பயமா?

பயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நாம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம். பாய்ஜலி பயந்தவர் இல்லை. ஆறு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்தவர். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் மேஜைவரை நடந்து போய்ச் சொன்னவர். ஆனால் தன் நிறுவனமே முடிவு சொல்லிவிட்ட பிறகு, வாடிக்கையாளர் காதுபடத் தன் மேலாளரை மறுத்துப் பேச அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை. அலபாமாவில் இருந்தவர்களுக்கோ, யூட்டாவில் மியூட்டுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றே தெரியாது. பொறியாளர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டங்களில் ஏவுவது பாதுகாப்பு என்று ஒப்பந்ததாரர் நிரூபிக்க வேண்டும். நாசா நோண்டி நோண்டிக் கேட்கும். அன்று இரவு கேள்வி தலைகீழானது: பாதுகாப்பு இல்லை என்று நிரூபியுங்கள் பார்க்கலாம். பாய்ஜலியும் லண்டும் விசாரணையில் இதையே சொன்னார்கள். 2 டிகிரியில் இதுவரை ஏவியதே கிடையாது, அப்புறம் யாரால் எதை வைத்து நிரூபிக்க முடியும்? நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

பொறியாளர்கள் பக்கம் தவறே இல்லையா?

இருந்தது. சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 75 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் ஒரு தடவை கசிந்திருந்தது. குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நாசாவுக்கு அது வசதியாகப் போயிற்று. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்திருந்தால் படம் வேறு. வளையத்தின் வெப்பம் 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பாதிப்பு. 63-ம் அதற்குக் கீழும் இருந்த நான்கில் நான்கிலுமே பாதிப்பு. விசாரணைக் குழு இதைப் பிறகு போட்டுக் காட்டியது.

சில மணி நேரம் மட்டுமே கையில் இருந்தவர்களை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரிஜெக்ட் ஆனதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், ஓகே ஆனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த அட்டவணைதான் நினைவுக்கு வரும்.

அந்த மேலாளர்கள் மோசமானவர்களா?

இல்லை. நெருக்கடியில் இருந்தவர்கள். சேலஞ்சர் ஏற்கெனவே பல தடவை தள்ளிப்போயிருந்தது. முந்தைய நாள்கூட, கதவுக் கைப்பிடியில் ஒரு போல்ட் சிக்கிக்கொண்டு, அதைக் கழற்றுவதற்குள் காற்று பலமாகி ஏவுதல் நின்றது. தயோகாலுக்கோ நாசா பெரிய வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தவே, தன் பொறியாளர்கள் சொன்னதற்கு மாறாக நிர்வாகம் முடிவை மாற்றிக்கொண்டது என்று விசாரணைக் குழு நேரடியாகவே எழுதியது. மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கும்போது வாடிக்கையாளர் குரல் உயர்ந்தால் நம் பக்கம் குரல் எப்படி இறங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நாசாவின் உச்சத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாதா?

ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தந்த ஜெஸ்ஸி மூருக்கும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆர்னால்ட் ஆல்ட்ரிச்சுக்கும் இரவில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததே போய்ச் சேரவில்லை. பிரச்சினை எழுந்தது, பேசினோம், தீர்ந்தது, அப்புறம் எதற்கு மேலே சொல்ல வேண்டும் என்று நடுவில் இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள்.

இது எங்கள் இடத்திலேயே நடந்திருக்கிறது. ஒரு பயிற்சிப் பெண், துளையைச் சோதிக்கும் கோ-நோகோ கேஜில் 'கோ' பக்கம் தேய்ந்திருப்பதைக் கவனித்தாள். விரலால் தடவினாலே கண்ணாடி மாதிரி வழுக்கியது. தேய்ந்த கேஜ் சின்னத் துளைக்குள்ளும் நுழையும், நுழைந்தால் சரி என்று அர்த்தம். ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொன்னாள். அவர் என்னிடம், 'சின்ன கேஜ் பிரச்சினை சார், பார்த்துக்கிட்டிருக்கோம்' என்றார். காலை மீட்டிங்கில் நான் சொன்னது, 'கேஜ் ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது.' ஆலைத் தலைவரின் பலகைக்குப் போனபோது அது பச்சைப் புள்ளி. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் குறைந்தது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் இடத்தில் ஷாஃப்ட் உள்ளே போகவில்லை என்று மொத்த லாட்டும் திரும்பி வந்தது. அந்தப் பெண் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே மீட்டிங்கில் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

விசாரணையில் இது எப்படி வெளியே வந்தது?

ஆலன் மெக்டொனால்டால். தயோகால் சார்பில் ஏவுதளத்தில் இருந்த மூத்தவர் அவர். ஏவலாம் என்ற பரிந்துரையில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாளை ஏதாவது ஆனால் விசாரணைக் குழுவின் முன் நின்று விளக்கம் சொல்லும் ஆளாக இருக்க விரும்பவில்லை என்றார். யூட்டாவிலிருந்து தயோகால் மேலாளர் ஜோ கில்மின்ஸ்டர் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். விபத்துக்குப் பிறகு நடந்த மூடிய அமர்வு ஒன்றில், பின்னால் உட்கார்ந்திருந்த மெக்டொனால்ட் எழுந்து, நாங்கள் ஏவ வேண்டாம் என்று சொன்னோம் என்றார். விசாரணையே அங்கிருந்து திசை மாறியது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் ஐஸ் தண்ணீரில் ரப்பரை முக்கிக் காட்டிய காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு மெக்டொனால்ட் எழுந்து நின்றதுதான் பெரிது.

நாசா பாடம் கற்றுக்கொண்டதா?

இணைப்பை மாற்றி வடிவமைத்தார்கள். 1988 செப்டம்பர் 29-ல் மீண்டும் பறந்தார்கள். ஆனால் 2003 ஜனவரியில் கொலம்பியா என்ற இன்னொரு விண்ணோடம் கிளம்பிய 82-வது நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. நுரை உதிர்வதும் அதற்குள் வழக்கமாகிப்போயிருந்தது. சுற்றுப்பாதையில் இருக்கும்போதே இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், இது தவறான முடிவு, பொறுப்பற்றது என்று சொல்லும் அளவுக்குத் தவறானது என மின்னஞ்சல் எழுதினார். அச்செடுத்துச் சக பொறியாளரிடம் காட்டினார். மேலே அனுப்பவில்லை. பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் திரும்பி வரவில்லை. வளையத்தை மாற்ற இரண்டரை வருடம் போதுமாக இருந்தது. மீட்டிங்கை மாற்ற பதினேழு வருடம் போதவில்லை.

அப்படியென்றால் யார் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிட வேண்டுமா?

அப்படி இருந்தால் எந்த ராக்கெட்டும் கிளம்பாது, எந்த லாரியும் எங்கள் கேட்டைத் தாண்டாது. வேண்டாம் என்றவரை வைத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முடிவு தவறாகவும் போகலாம். 1979 ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3 கிளம்புவதற்குக் கடைசி நேரத்தில் கணினி நிறுத்தச் சொன்னது. திட்டத் தலைவர் அப்துல் கலாம் நிபுணர்களைக் கேட்டார். ராக்கெட்டில் ஒரு கசிவு இருக்கிறது, இருந்தாலும் தாங்கும் என்றார்கள். கணினியைத் தாண்டி ஏவினார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து தோல்வியைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் வென்றபோது, நிருபர்களிடம் நீயே பேசு என்று கலாமை அனுப்பினார். கலாம் இதை வாழ்நாள் முழுக்க மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றால் நம் தலை உருளாது என்று தெரிந்த இடத்தில்தான் கீழே இருப்பவர் கசிவைக் கசிவு என்று சொல்வார்.

நாளைக்கே எங்கள் மீட்டிங்கில் எதை மாற்றலாம்?

மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். 'யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா' என்று பொதுவில் கேட்காதீர்கள். அந்த இரவும் அதே கேள்விதான் கேட்டார்கள். ஆளைப் பார்த்து, பெயர் சொல்லி, 'நீங்க என்ன நினைக்கிறீங்க, எது நடந்தா இதை நிறுத்துவீங்க?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றவரின் காரணத்தை அவர் வார்த்தையிலேயே குறிப்பில் எழுதுங்கள். முடிவை மாற்றினால் அவர் அந்த அறையில் இருக்கும்போதே மாற்றுங்கள்.

டொயோட்டா ஆலைகளில் லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். தவறு கண்ட தொழிலாளி இழுப்பார். இழுத்த உடனே லைன் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், வண்டி லைனில் குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால்தான் நிற்கும். கூப்பிட்டால் ஆள் வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் கயிறு கட்டி வைத்து என்ன பயன்?

சொல்லியும் மேலதிகாரி கேட்கவில்லை என்றால்?

எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் எழுதுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லாத காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டாம். இதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். சாட்சி சொன்ன பிறகு மெக்டொனால்டைப் பதவி இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. பிறகு இணைப்பை மறுவடிவமைக்கும் பணிக்கே அவர் தலைமை தாங்கினார்.

மற்ற பொறியாளர்கள் என்ன ஆனார்கள்?

பாய்ஜலி அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பொறியியல் நெறிகள் பற்றிக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். 2012-ல் இறந்தார்.

'உதவி!' என்று எழுதிய பாப் எபலிங், ஏவுதலுக்கு முந்தைய இரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அது வெடிக்கப்போகிறது என்று சொன்னவர். முப்பது வருடம் அந்தப் பாரத்தைச் சுமந்தார். இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், கடவுள் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று 2016 ஜனவரியில் அமெரிக்கப் பொது வானொலியில் சொன்னார். அப்போது அவருக்கு வயது 89. கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். மகள் படித்துக் காட்டினார். அன்று இரவு திகைத்துப்போனேன் என்று சொன்ன நாசாவின் ஜார்ஜ் ஹார்டியும் எழுதினார்: நீங்களும் உங்கள் சகாக்களும் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தீர்கள், உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம் என்று. கடிதங்கள் மனதை லேசாக்கின என்றார் எபலிங். அந்த மார்ச் மாதமே இறந்துபோனார்.